ஆல்பத்தில் இடம்பெறாத படம்: லாயா அப்ரிலின் புகைப்பட நூலும் லாச்சப்பல் தமிழரும்

2018ஆம் ஆண்டின் பாரிஸ் ஃபோட்டோ – அபர்ச்சர் விருதுகளில் ஆண்டின் சிறந்த புகைப்பட நூலாகத் தேர்வுபெற்றது, ஸ்பானியக் கலைஞர் லாயா அப்ரிலின் ‘கருக்கலைப்பு குறித்து’. பாதுகாப்பான கருக்கலைப்பு மறுக்கப்பட்ட பெண்கள் கையாண்ட கருவிகளையும் அவர்தம் வாக்குமூலங்களையும் இந்நூல் அடுத்தடுத்து வைக்கிறது. இதில் அன்றாடப் பொருளே சாட்சியாகிறது.

பாரிஸின் லாச்சப்பலைச் சூழ்ந்து வளர்ந்த ஈழத்தமிழர் வாழ்வில் புகைப்படத்தின் பணி வேறு. பூப்புனித நீராட்டு விழா, திருமணம், குழந்தையின் பிறந்தநாள் என, பெண்ணுடலின் வளமையைக் குடும்பப் பெருமையாக ஆல்பம் வரிசைப்படுத்துகிறது. கலைந்த கருவுக்கோ மறுக்கப்பட்ட தாய்மைக்கோ அதில் பக்கம் இல்லை. தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிப்பது இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை. அவ்வுரிமையை 2024 மார்ச்சில் அரசியலமைப்பிலேயே பொறித்தது பிரான்ஸ். நாடு மாறியதும் சட்டம் மாறியது; ஆல்பத்தின் மௌனம் மாறவில்லை.

எனினும், கருக்கலைப்புரிமை பாதி வழக்கே. 1994இல் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் உருவாக்கிய ‘இனப்பெருக்க நீதி’ என்னும் கருத்தாக்கம், பிள்ளை பெறும் உரிமையையும் உள்ளடக்கியது. பிரான்சின் பெருநிலத்தில் கருக்கலைப்பு குற்றமாயிருந்த காலத்திலேயே, தமிழ் ஒப்பந்தத் தொழிலாளர் வழியினரும் வாழும் ரீயூனியன் தீவில் பெண்களுக்கு ஒப்புதலின்றிக் கருக்கலைப்பும் கருத்தடையும் செய்யப்பட்டமை 1970இல் அம்பலமானது. பிரான்சுவாஸ் வெர்ஜெஸின் 2017ஆம் ஆண்டு நூல் இதனை விரித்துரைக்கிறது.

ஒருவரையொருவர் அறிந்த சிறு சமூகத்தில் முகத்தைக் காட்டுவது பெண்ணைக் காட்டிக்கொடுப்பதாகவும் முடியும். முகமின்றிப் பொருளையும் சொல்லையும் முன்னிறுத்த இயலும் என்பதே அப்ரிலின் நூலிலிருந்து தமிழ்ப் புகைப்படக்கலை பெறத்தக்க பாடம். தடையையும் கட்டாயத்தையும் அருகருகே வைப்பது, அது தானே ஏற்கவேண்டிய பணி.