வடாம் காயும் வெயில்

சித்திரை வெயிலை யாராவது திட்டினால் எனக்கு மனசு கேட்பதில்லை. வடாம் போடும் வீட்டில் பிறந்தவள் நான். விடியும் முன்பே அரிசிமாவுக் கூழைக் கிளறி, எலுமிச்சை பிழிந்து, மொட்டை மாடியில் நனைத்து விரித்த பழைய வேட்டியில் அம்மா கரண்டி கரண்டியாக ஊற்றுவாள். மிச்ச வேலை சூரியனுடையது.

அந்த ஒளி நம்மை வந்து சேர எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல். வளிமண்டலத்தின் உச்சியில் சதுர மீட்டருக்குச் சுமார் 1361 வாட். பூமிக்கு வருவதில் ஏறக்குறைய 30 விழுக்காட்டை மேகமும் காற்றும் பனியும் நிலமும் திருப்பி அனுப்பிவிடுகின்றன. அப்படியும், மேகமில்லாத உச்சிவேளையில் மாடியில் சதுர மீட்டருக்கு 1000 வாட் அளவுக்கு இறங்குகிறது. இரண்டு சதுர மீட்டர் வேட்டிக்கு இரண்டு இஸ்திரிப் பெட்டிகளின் சக்தி! ஆனால் எதுவும் கருகுவதில்லை. ஈரம் மட்டும் நிதானமாகக் காற்றோடு போய்விடும். எந்த அடுப்புக்கும் இந்தப் பக்குவம் வராது.

சாயங்காலம் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தால், ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து. அரைகுறையாய்க் காய்ந்த அந்த வடாமுக்காகக் காக்காயோடு போட்டி போட்டிருக்கிறோம். மறுநாள் திருப்பிப் போட்டு இன்னொரு வெயில். டப்பாவில் கொட்டும்போது கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும்.