கல்லான சங்குகளின் சித்திரங்கள்

நாயாற்றுக் களப்பில் சங்கும் சிப்பியும் பொறுக்கி வளரும் பிள்ளைகளுக்கு பெர்டினண்ட் ஸ்தொலிச்காவின் நூற்படங்கள் முற்றிலும் அந்நியமல்ல. அரியலூர், ஊட்டத்தூர்ப் பாறைகளில் புதைந்து கல்லான நத்தையினங்களை அவர் ஆராய்ந்த தொகுதியை, இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களம் 1867–68இல் கல்லச்சுப் படங்களுடன் வெளியிட்டது. ஓட்டின் ஒவ்வொரு வரியையும், உடைந்த விளிம்பையும் அப்படங்கள் ஒளிக்காமல் காட்டுகின்றன. இந்த நேர்மையை நாம் மதிக்கிறோம். (அழகென்று மட்டும் வியப்போர் அதன் உழைப்பைக் காணாதோர்.)

ஆயினும் வெண்தாளில் தனித்து மிதக்கும் அச்சங்குக்குக் கீழே மண் இல்லை. மண்ணை அகழ்ந்த கையும் இல்லை. ஊட்டத்தூர் என்ற தமிழ்ச் சிற்றூர் பாறைத்தொகுதி ஒன்றின் பெயராக உலக அறிவியலில் ஏறியது. அவ்வூரான் வாசிக்க முடியாத ஆங்கிலத்திலேயே விளக்கம் நின்றது. ஒரு படத்தையேனும் தமிழ்க் குறிப்புடன் வகுப்பறையில் மாட்டி, அருகே நாயாற்றுச் சங்கொன்றை வைக்குமாறு ஆசிரியத் தோழர்களைக் கேட்கிறோம்.