மேட்டில் தெரியும் கணக்கு

அமெரிக்காவின் பெரிய மோட்டார்ஹோம்களில் இன்ஜின் வண்டியின் பின்கோடியில் இருக்கும். 'டீசல் புஷர்' என்பார்கள். படுக்கை, சமையல்கட்டு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்ந்து பதினான்கு டன் வரும் வண்டியை 330 குதிரைத்திறன் கம்மின்ஸ் டீசல் இன்ஜின் தள்ளும். சமதளத்தில் குறை தெரியாது. லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே கிரேப்வைன் ஏற்றத்தில், சரக்கு லாரிகளுக்குப் பின்னால் ஊரும்போதுதான் உரிமையாளருக்குக் கை அரிக்கும். பெரிய டர்போ, அகலமான எக்ஸாஸ்ட் குழாய், ஒரு பவர் பாக்ஸ் என்று மாட்டிவிட்டு, இழுவை கூடியிருக்கிறதா என்று அதே மேட்டுக்குப் போய்ப் பார்ப்பார்.

இந்த மேட்டுச் சோதனையைப் பட்டறைக்காரர்கள் இளக்காரமாகப் பார்ப்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. திறனை அளக்கும் டைனோ உருளைகளில் ஏற்றினால் எண் துல்லியமாக வரும், ஆனால் ஓட்டம் பெரும்பாலும் சில விநாடிகளில் முடிந்துவிடும். கிரேப்வைனில் 6 சதவீதச் சரிவு சுமார் 8 கிலோமீட்டர் நீள்கிறது. ஆறேழு நிமிடம் ஆக்ஸிலேட்டரைத் தரையோடு அழுத்தி ஏறும்போது ரேடியேட்டர் தாங்குகிறதா, எக்ஸாஸ்ட் சூடு எங்கே போய் நிற்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். மோட்டார்ஹோம் இன்ஜினுக்குச் சூடு பெரிய எதிரி.

மேடு இன்னொரு வகையிலும் நேர்மையானது. பதினான்கு டன் வண்டி அந்தச் சரிவில் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் ஏறினால் விநாடிக்கு 1.2 மீட்டர் உயர்கிறது. அந்த உயரத்துக்கு மட்டும் 165 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 220 குதிரைத்திறன் வேண்டும். காற்றுத்தடையும் டயரின் உருளல் தடையும் சேர்ந்தால் சக்கரத்தில் 280-ஐத் தொடும். ஆகவே எடையும் வேகமும் தெரிந்தால் திறனைக் காகிதத்திலேயே கணக்கிடலாம். சிக்கல் என்னவென்றால், எதிர்க்காற்று 20 கி.மீ. வேகத்தில் வீசினாலே அந்தக் கணக்கில் பதினைந்து, இருபது குதிரைத்திறன் காணாமல் போகும். நூறு கேலன் தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருந்தால் 380 கிலோ கூடுதல். சாதாரண பாக்ஸ் தரும் லாபம் இந்தப் பிசகுகளுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளக்கூடிய அளவுதான். ஒரே மேட்டில், ஒரே எடையில், காற்றில்லாத காலை நேரத்தில், மாட்டுவதற்கு முன்பும் பின்பும் ஓட்டிப் பார்த்தவர் சொல்வதை மட்டுமே நம்பலாம். பலர் முன்பு ஓட்டிப் பார்ப்பதே இல்லை. காசு கொடுத்த பிறகு இழுவை கூடியதாகத் தோன்றாமல் இருக்குமா?

ஆக்ஸிலேட்டர் சிக்னலை மட்டும் மாற்றும் பெட்டிகளின் வியாபாரமே இந்த நினைப்பில்தான் நடக்கிறது. பாதி மிதித்தால் முக்கால் மிதித்ததாக அது இன்ஜினுக்குச் சொல்லும். வண்டி துள்ளும். முழுதாக மிதித்து மேடேறினால் பழைய வேகம்தான்.

இதைவிட மோசம் மைலேஜ் கணக்கு. காமன் ரெயில் இன்ஜினில் பொருத்தும் சில பாக்ஸ்கள், ரெயில் எனும் பொதுக் குழாயில் உள்ள டீசலின் அழுத்தத்தை இன்ஜின் கம்ப்யூட்டருக்குக் குறைத்துக் காட்டும். அழுத்தம் போதவில்லை என்று கம்ப்யூட்டர் அதை ஏற்றும், கூடுதல் டீசல் உள்ளே போகும். டாஷ்போர்டில் தெரியும் மைலேஜோ, கம்ப்யூட்டர் தான் அனுப்பியதாக நினைக்கும் டீசலை வைத்துப் போட்ட கணக்கு. ஏமாற்றப்பட்டவனையே சாட்சிக்கு அழைத்தால் என்ன சொல்வான்? திரையில் மைலேஜ் ஏறும், பங்கில் பில்லும் ஏறும். பல முறை டேங்க் நிரப்பி, ஓடிய மைலை ஊற்றிய கேலனால் வகுப்பதைத் தவிர வழியில்லை. அதிலும் குளிர்கால டீசலுக்கு எரிசக்தி சற்றுக் குறைவு என்பதை மறக்கக் கூடாது.

நம்பத்தக்க கருவி, டர்போவுக்கு முன்னால் பதிக்கும் எக்ஸாஸ்ட் வெப்பமானி. பாக்ஸ் என்ன பொய் சொன்னாலும் அதிகமாக எரிந்த டீசல் இங்கே சூடாகத் தெரிந்துவிடும். 1,300 ஃபாரன்ஹீட், அதாவது 700 செல்சியஸ், பலரும் வைத்துக்கொள்ளும் எல்லை. அலுமினியம் 660 செல்சியஸிலேயே உருகும். அலுமினிய பிஸ்டன் பிழைத்திருப்பதற்கு, எண்ணெய் தெளித்துக் குளிர்விப்பதும் ஒரு காரணம். டர்போவுக்குப் பின்னால் பதித்தால் வேலை சுலபம், ஆனால் முழுச் சுமையில் காட்டும் எண் நூறு டிகிரிக்கும் மேல் குறைவாக இருக்கக்கூடும். எங்கே பதித்தது என்று சொல்லாமல் 'என் வண்டி 1,000 ஃபாரன்ஹீட்டைத் தாண்டவில்லை' என்பவர் எதையும் சொல்லவில்லை.

சட்டமும் உண்டு. 2007-க்குப் பிந்தைய வண்டிகளில் புகைக்கரி வடிகட்டியைக் கழற்றுவது அமெரிக்காவில் சட்டவிரோதம். கலிஃபோர்னியாவில் மாட்டும் பொருளுக்கு மாநிலக் காற்றுவள வாரியத்தின் விலக்கு எண் வேண்டும்.

என்னைக் கேட்டால், பாக்ஸுக்குக் காசு எடுத்து வைப்பதற்கு முன், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பார்க்கச் சொல்வேன். ரேடியேட்டர் வண்டியின் பின்முகத்தில் இருக்கும் புஷர்களில், இன்ஜினின் மூச்சுக்குழாயிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் சாலைப் புழுதியும் கூலரின் உள்முகத்தில் சேறாக ஒட்டும். பின்னால் நின்று பார்த்தால் பளிச்சென்று இருக்கும். விசிறிப் பக்கம் கையை விட்டுத் தடவினால்தான் விரலில் கருப்பாக வரும். கழுவிவிட்டு, 30 பிஎஸ்ஐ காற்றடைத்து, 15 விநாடியில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஏழுக்கு மேல் இறங்கினால் கூலர் கசிகிறது. பாக்ஸ் இல்லாமலேயே அந்த மேட்டில் இழுவை குறைந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது.