அந்துப்பூச்சியின் வேலை, பூஞ்சையின் வேலை

மடகாஸ்கரின் கிழக்குக் கரையோரத்தில், வெப்பமும் மழையும் மிகுந்த தாழ்நிலக் காடுகளில், மரப்பட்டையைப் பற்றி வளர்கிறது அங்கிரேக்கம் செஸ்குவிபெடாலே என்ற ஆர்க்கிட். மெழுகில் வார்த்தது போன்ற நட்சத்திரப் பூ. விரியும்போது இளம்பச்சையாக இருந்து, சில நாளில் தந்த வெண்மைக்கு மாறும். பூவின் பின்னால் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு வால் தொங்கும். தேன் அதன் அடிநுனியில்தான் இருக்கும். இருட்டிய பிறகு இடமே மணக்கும். 1862-இல் டார்வின் இந்த வாலை அளந்துவிட்டு, இதற்கேற்ற நீள நாக்குள்ள அந்துப்பூச்சி ஒன்று அந்தத் தீவில் இருந்தாக வேண்டும் என்றார். அப்படியொரு பூச்சி 1903-இல் விவரிக்கப்பட்டபோது அவர் மறைந்து 21 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பூத்த செடியை விலைக்கு வாங்கி ரசிக்கலாம். ஆனால் விதையிலிருந்து வளர்ப்பவரின் ரசனை இன்னும் ஆழமானது. காட்டில் பூச்சியும் பூஞ்சையும் மரமும் பங்கிட்டுச் செய்வதை அவர் தனியாளாகச் செய்து பார்க்கிறார்.

முதலில் பூச்சியின் வேலை. அதற்கு ஒரு பல்குச்சி போதும். பூவின் நடுவிலுள்ள சின்னத் தொப்பியை மெல்ல நெம்பினால் மகரந்தத் திரள்கள் குச்சியில் ஒட்டிக்கொண்டு வரும். வேறொரு செடியின் பூவில், ஈரப் பசையுள்ள சூல்முடிக் குழியில் அவற்றை வைத்துவிட வேண்டும். சில நாளில் இதழ்கள் துவண்டு, சூற்பை பருக்கத் தொடங்கும். காய் முற்ற மாதக்கணக்கில் ஆகும்.

அடுத்தது பூஞ்சையின் வேலை. முற்றிய காய்க்குள் இருப்பது தூசு போன்ற விதை, லட்சக்கணக்கில். நெல்மணியில் முளைக்கென்று மாவு இருக்கிறது. இந்த விதையில் அப்படி எந்தச் சேமிப்பும் இல்லை. காட்டில் ஒரு பூஞ்சை இழை உள்ளே நுழைந்து ஊட்டினால்தான் பிழைக்கும். பிரான்ஸின் நோயல் பெர்னார் 1899-இல் இதைக் கண்டறிந்தார். அதற்கு முன்பு தோட்டக்காரர்கள் காரணம் தெரியாமலே தாய்ச்செடியின் வேர்ப்பக்கத்தில் விதையைத் தூவி வந்தார்கள். அங்கே பூஞ்சை இருந்ததால் சில முளைத்தன. புகழ்பெற்ற அங்கிரேக்கம் வீச்சியை என்ற கலப்பினம் அந்தக் காலத்துக் கைவண்ணம். 1922-இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன், சர்க்கரையும் தாது உப்புகளும் கலந்த அகார் என்ற கூழிலேயே விதை முளைக்கும் என்று காட்டினார். லிட்டருக்கு 20 கிராம் சர்க்கரை பூஞ்சையின் இடத்தை எடுத்துக்கொண்டது.

இந்தக் கட்டத்தில் சுத்தம்தான் எல்லாம். ஒரேயொரு பூசண வித்து உள்ளே போனாலும் அகார் உள்ள குடுவை முழுவதும் பாழ். அதனால் பலர் காய் வெடிக்கும் முன்பே பறித்து, வெளிப்புறத்தை ப்ளீச்சில் கழுவி, கிருமியற்ற காற்றோட்டத்தில் அறுத்து விதைக்கிறார்கள். பிறகு காத்திருப்பு. தூசு உப்பிப் பச்சை மணியாகிறது, அதுதான் புரோட்டோகார்ம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அடியில் வெல்வெட் போன்ற மயிர், உச்சியில் ஒரு சிறு பிளவு. அந்தப் பிளவிலிருந்து முதல் இலை எட்டிப் பார்க்கும். வேர் அதற்குப் பிறகுதான்.

கடைசியாக மரத்தின் வேலை. ஆப்பிரிக்காவின் சிறுத்தை ஆர்க்கிட்டான அன்செல்லியாவுக்கு நீர் சேமிக்கத் தடித்த தண்டு உண்டு. அங்கிரேக்கத்துக்கும் அதன் உறவான ஏராங்கிஸுக்கும் அது கிடையாது. வேரும் இலையும்தான் கையிருப்பு. குடுவையிலிருந்து எடுத்த நாற்றின் வேரில் அகாரை ஒட்டவிடாமல் கழுவி, ஒடியாமல் கரியிலோ மரப்பட்டையிலோ அமர்த்த வேண்டும். காற்றில் ஈரம் வேண்டும், அந்தக் காற்று தேங்கவும் கூடாது. வளர்ப்பவரின் கைப்பக்குவத்தை அறிய வேரைப் பார்த்தால் போதும். காய்ந்திருக்கையில் வெள்ளி நிறம், நனைந்ததும் பச்சை, நுனியில் பளபளப்பு.

பூக்க ஆண்டுகள் பல ஆகும். ஒரே காயில் பிறந்தவையும் ஒன்றுபோலப் பூப்பதில்லை. ஒன்றின் இதழ் அகலம், இன்னொன்றின் வால் நீளம், வேறொன்றில் வெண்மை சற்றுக் கூடுதல். இதில் எதைத் தாய்ச்செடியாகத் தேர்வது என்பதில் வளர்ப்பவரின் ரசனை முழுதாக வெளிப்படும்.

விற்பனைக்காகக் காட்டில் பிடுங்கப்படுவதாலும் அன்செல்லியா அருகி வருகிறது. ஒரே காய் ஒரு கண்ணாடி வீட்டையே நிரப்பக்கூடியது என்னும்போது, மரத்திலிருந்து பிய்த்தெடுக்க அவசியமே இல்லை. ஆப்பிரிக்க ஆர்க்கிட் வாங்குகிறவர் விலை கேட்பதற்கு முன், குடுவையில் வளர்ந்ததா என்று கேட்க வேண்டும்.