தொடாமல் பிழியும் பாலிமர்

உப்பில் போட்ட மாங்காய் நீர் விட்டுச் சுருங்குவதை அடுக்களையில் எல்லோரும் பார்த்திருப்போம். ராண்ட், பார்செஜியன் குழுவினர் 1976-இல் வெளியிட்ட அளவீட்டு முறையும் ஏறக்குறைய அதுதான். லெசித்தின் என்னும் லிப்பிட், தண்ணீரில் படலங்களாக அடுக்கடுக்காகப் படியும். அடுக்குகளுக்கு நடுவே சிறிது நீர் நிற்கும். வெளியே பாலிமர் கரைசலை ஊற்றினால், பெரிய மூலக்கூறுகள் அந்த இடுக்குக்குள் நுழைய முடியாது. நீரை மட்டும் வெளியே இழுக்கும். கரைசலின் சவ்வூடு அழுத்தத்தை முன்பே அளந்து வைத்திருக்கலாம். அடுக்கு இடைவெளியை எக்ஸ் கதிர் சொல்லிவிடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், படலங்கள் ஒன்றையொன்று எவ்வளவு விசையோடு தள்ளுகின்றன என்பது கைக்கு வந்துவிடும்.

இடைவெளி சுமார் கால் நானோமீட்டர் கூடும்போதெல்லாம் விசை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிறது. பாலிமர் படலத்தைத் தொடவே இல்லை என்பதுதான் இதன் அழகு. அளக்கும் கருவி அளக்கப்படும் பொருளைக் கெடுக்காத சோதனைகள் உயிரியற்பியலில் அபூர்வம்.

ஆனால் கிடைப்பது மொத்த விசை மட்டுமே. அதில் நீரின் பங்கு எவ்வளவு, படலத்தின் வெப்ப நடுக்கம் எவ்வளவு, லிப்பிட் தலைகளின் துருத்தல் எவ்வளவு என்று இந்த முறையால் பிரிக்க முடியாது. அந்த வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. குட்டைச் சங்கிலிப் பாலிமர் என்றால் அது இடுக்குக்குள்ளேயே புகுந்துவிடும். அப்போது கணக்கே பொய்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. நீரை உறிஞ்சிச் செல்களை ஒன்றோடொன்று ஒட்ட வைத்து இணைக்கப் பயன்படும் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பாலிமரையே, செல்லின் உள்நெரிசலுக்கும் பதிலாளாக நிறுத்துகிறார்கள். ஈ. கோலை பாக்டீரியாவின் உள்ளே லிட்டருக்கு 300 முதல் 400 கிராம் வரை புரதமும் ஆர்.என்.ஏ.வும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அவை மின்னூட்டம் கொண்டவை. சவ்வோடு உரசும், சில ஒட்டும். பாலிஎத்திலீன் கிளைக்காலோ மின்னூட்டமற்ற நெகிழ்ந்த இழை. பெரும்பாலும் விலகியே நிற்கும். அப்படி விலகி நிற்கும் இழைகள் இரண்டு பரப்புகளை வெளியிலிருந்து நெருக்கித் தள்ளும் என்பதை அசகுராவும் ஊசவாவும் 1954-இலேயே கணக்கிட்டுக் காட்டிவிட்டார்கள். நெரிசல் என்ற பெயரில் நாம் பார்ப்பது பல வேளை அந்த ஒதுக்கத்தைத்தான்.

இதில் இழையின் நீளம் எவ்வளவு முக்கியம் என்பது இரத்தச் சிவப்பணுக்களைக் கேட்டால் தெரியும். 40,000 டால்டன் எடையுள்ள டெக்ஸ்ட்ரான் என்னும் சர்க்கரைப் பாலிமரில் அவை பொதுவாகத் தனித்தனியே மிதக்கும். 70,000 ஆனால் நாணய அடுக்குப் போல ஒட்டிக்கொள்ளும். சர்க்கரை அதே சர்க்கரை, சங்கிலி மட்டும் நீளம்.