கோடு கிழித்த கை

புள்ளிகள்! திரையிலே தோன்றி, எண்ணி முடிப்பதற்குள் மறைந்துவிடும் வெறும் புள்ளிகள்! அவற்றைத் துணைக்கொண்டு, மனிதன் மனிதனை ஒதுக்குவது எதனால் என்று காணப் புறப்பட்டார் ஓர் ஆராய்ச்சியாளர் என்று கேள்வியுற்றபோது, இது ஏதோ விளையாட்டு என்றே நாம் எண்ணினோம். அவர் வாழ்வைப் படித்த பின்னரோ, சிரிப்பு மறைந்தது.

ஹென்றி டாஜ்ஃபெல் – 1919இல் போலந்திலே, விஸ்துலா ஆற்றங்கரை நகரொன்றில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். யூத மாணவருக்குப் பல்கலைக் கழகக் கதவு பாதிகூடத் திறக்காத நாடு அது. பிரான்சுக்குச் சென்றார், வேதியல் பயின்றார். போர் மூண்டது, பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார், 1940இல் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். யூதர் என்பதை அவர் மறைக்கவில்லை. மறைத்தது போலந்துக்காரர் என்பதை! பிரெஞ்சுப் படையைச் சேர்ந்த யூதன் போர்க்கைதி. போலந்து யூதன் என்று தெரிந்தாலோ, கதை முடிந்தது. காவலாளியிடம் எத்துணை இனிமையாகப் பழகியிருந்தாலும், எத்துணை நல்லவனென்று பெயரெடுத்திருந்தாலும், அந்த ஒரு சொல் வெளிப்பட்டால் வேறெதுவும் காப்பாற்றியிராது என்பதைப் பின்னாளில் அவரே எழுதினார். ஐந்தாண்டு அப்படி உயிர் பிழைத்தவர், 1945இல் திரும்பி வந்து தேடினார். பெற்ற குடும்பத்திலும், பழகிய நண்பரிலும் ஏறக்குறைய எவரும் எஞ்சவில்லை.

போரினால் அநாதைகளான குழந்தைகளுக்கும், வீடிழந்த ஏதிலிகளுக்கும் சில ஆண்டுகள் தொண்டாற்றினார். பிறகு, முப்பது வயதைக் கடந்த நிலையிலே, இலண்டன் பிர்க்பெக் கல்லூரியில் உளவியல் மாணவரானார். டர்ஹாம், ஆக்ஸ்போர்டு, 1967 முதல் பிரிஸ்டலில் பேராசிரியர் பதவி – பதவிப் பட்டியலை இத்துடன் விடுவோம்.

அன்றைய அறிஞர் உலகம் வெறுப்புக்கு என்ன விளக்கம் கூறிற்று? 1950இல் அடோர்னோவும் தோழர்களும் வெளியிட்ட நூல், அடக்குமுறையில் வளர்ந்து வக்கரித்த உள்ளமே காரணம் என்றது. முசாபர் ஷெரீப், 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்திலே சிறுவர் முகாம் ஒன்றை அமைத்து, இரு அணிகளைப் பரிசுக்காகப் போட்டியிட வைத்துப் பகை வளர்வதைக் காட்டினார். ஒரே பொருளுக்கு இருவர் போராடுவதே காரணம் என்றார். டாஜ்ஃபெலுக்கு இரண்டும் போதவில்லை. ஒரு நாடே, ஓர் ஊரே வெறுக்கும்போது அத்தனை பேருமா மனநோயாளிகள்? போட்டியே இல்லாத இடத்திலும் ஒதுக்கல் இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது?

முதலில் அவர் எடுத்தது மனிதரையன்று, கோடுகளை. 1963இல் வெளியான ஆய்வு. நீளத்தில் சிறுகச் சிறுக மாறுபடும் எட்டுக் கோடுகள். குட்டையான நான்குக்கு ஒரு பெயர், நெட்டையான நான்குக்கு வேறொரு பெயர். அவ்வளவுதான் செய்தார். பார்த்தவர் கண்ணில், நான்காம் கோட்டுக்கும் ஐந்தாம் கோட்டுக்கும் இடையே இருந்த சிறு வேறுபாடு பெரும் வேறுபாடாக விரிந்தது! கோடு வளரவில்லை, பெயர் வளர்த்தது. இந்த எட்டுக் கோடுகளை, அவர் எழுதிய பல நூறு பக்கங்களினும் உயர்வாக நாம் மதிக்கிறோம்.

பிறகு வந்ததுதான் பிரிஸ்டல் சோதனை. 1970இல் அதை அவர் வெளியிட்டார். பதினான்கு, பதினைந்து வயதுடைய, ஒருவரையொருவர் நன்கறிந்த 64 பள்ளிச் சிறுவர்கள். திரையில் தெரிந்த புள்ளிகள் எத்தனை என்று கேட்டனர். நீ கூட்டிச் சொல்பவன், நீ குறைத்துச் சொல்பவன் என்று பிரித்தனர். அடுத்த சோதனையில் வேறு 48 சிறுவர்கள்; கிளே, காண்டின்ஸ்கி எனும் இரு ஓவியருள் எவர் படம் பிடிக்கிறது என்பதை வைத்துப் பிரிவினை. இரு சோதனையிலும் அந்தப் பிரிவு பொய்! சீட்டுக் குலுக்குவது போலத்தான் பிரித்தார்கள்; சிறுவர்கள் அதை அறியார்.

பின்னர் ஒவ்வொருவனும் தனியே அமர்ந்து, பெயர் தெரியாத இருவருக்குக் காசு பங்கிட வேண்டும். தனக்கு எதுவும் எடுத்துக்கொள்ள முடியாது. புள்ளி ஒன்றுக்குப் பத்திலொரு பென்னி. ஓர் அட்டவணையிலே, தன் அணிக்காரனுக்கு 19 தந்தால் மற்றவனுக்கு 25 போகும். 13 தந்தால் அவனுக்கும் 13. 7 தந்தால் அவனுக்கு 1. தன்னவன் நலமே நோக்கம் என்றால் 19 அல்லவா தரவேண்டும்? சிறுவர்கள் அங்கே போகவில்லை. 12க்கு 11 என்பதை ஒட்டியே நின்றார்கள். ஏழு புள்ளி தன்னவனுக்குக் குறைந்தாலும் குற்றமில்லை, அவனைவிட ஒரு புள்ளி கூடுதலாக இருந்தால் போதும்! பள்ளிப் பிள்ளைகளைக் கணக்குப் போட்டிக்காக இரண்டாகப் பிரித்து நிறுத்திய அனுபவம் நமக்குண்டு. மாலை மணி அடித்த பிறகும் அந்த அணிகள் கலையாததைக் கண்டு வியந்ததும் உண்டு. ஆகவே இந்த 12க்கு 11, நம்மைத் திடுக்கிட வைக்கவில்லை, தலைகுனிய வைத்தது.

ஆனால் இந்தச் சோதனையை மேற்கோள் காட்டுவோர் பலர், மனித இயல்பே இப்படித்தான், என்ன செய்வது என்று கைவிரிக்கிறார்களே, அதை நாம் ஏற்பதற்கில்லை. 12க்கு 11 என்பது 13க்கு 13 என்பதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, பாருங்கள்! 7க்கு 1 என்ற எல்லைக்கு அவர்கள் ஓடிவிடவில்லை. நேர்மையும் அந்த அறையிலே இருந்தது. அதை டாஜ்ஃபெலே குறித்திருக்கிறார். மேற்கோள் காட்டுவோர்தாம் மறைக்கிறார்கள்.

மற்றொன்று கேட்போம். அட்டவணைகளைச் சிறுவர்கள் வரையவில்லை. பிரிவுக்குப் பெயரிட்டதும் அவர்கள் அல்லர். பொய்யுரைத்துப் பிரித்தவர், பேராசிரியர்! 1973இல் பில்லிக்குடன் சேர்ந்து செய்த சோதனையிலோ, இது வெறும் குலுக்கல்தான் என்று வெளிப்படையாகவே சொல்லியும் சார்பு தோன்றியது. சரி, பிரித்தாலே போதும் என்று நிலைநாட்டிவிட்டார். பிரிப்பவன் யார், அவனுக்கு என்ன ஆதாயம் என்ற வினா மட்டும் சோதனைச் சாலையின் வாசலிலேயே நின்றுவிட்டது. அங்கே இரு அணியும் சமம். இரு அணியின் கையிலும் ஒரே அட்டவணை. போலந்திலே யூதன் கையில் எந்த அட்டவணை இருந்தது? அவர் மாணவரான பில்லிக்கே 2002இல் எழுதினார் – வெறியின் ஆழத்தை ஆசிரியரின் இந்த விளக்கம் தொடவில்லை என்று.

குறையை டாஜ்ஃபெல் உணராதவர் அல்லர். 1979இல் ஜான் டர்னருடன் எழுதிய கட்டுரையில், தாழ்த்தப்பட்ட கூட்டத்தார் என்ன செய்வர் என்று ஆராய்ந்தார். தனியொருவன் கூட்டத்தை விட்டு நழுவி மேலே ஏறப் பார்ப்பான். அப்போது கூட்டம் கிடந்த இடத்திலேயே கிடக்கும். அல்லது, இழிவென்று சொல்லப்பட்டதையே பெருமையென்று மாற்றி உரைப்பர். கறுப்பே அழகு என்று அமெரிக்கக் கறுப்பர் முழங்கியது அவ்வகை. அல்லது, நேரே நின்று போரிடுவர். எது எப்போது நிகழும்? இந்த ஏற்றத்தாழ்வு நியாயமன்று, மாற்றவும் முடியும் என்ற எண்ணம் பரவும்போது, தனியே நழுவும் ஆசை குறைந்து கூட்டுப் போராட்டம் பிறக்கும் என்றார். புள்ளி எண்ண வைத்தவரின் ஏட்டிலே இது இருப்பதை நம் இளைஞர் அறிய வேண்டும். புள்ளிகளைப் பற்றிப் பேசுவோர் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

அவர் 1982இல் மறைந்தார். பின்னாளில் வேறொரு செய்தியும் அச்சேறியது: தம்மிடம் பயின்ற, தம்முடன் பணியாற்றிய பெண்களிடம் அவர் தகாத முறையில் நடந்துகொண்டார் என்பது. அவர் நிறுவுநருள் ஒருவராக இருந்த ஐரோப்பியச் சமூக உளவியலார் சங்கமே, தன் உயர் விருதிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டது. இதைச் சொல்லாமல் விட்டால் எட்டுக் கோடுகளுக்கு இழுக்கு நேராது என்பது சிலர் கட்சி. நாம் மீண்டும் அந்தச் சோதனை ஏட்டைப் புரட்டினோம். முதலில் வந்த 64 பேரிலும், அடுத்து வந்த 48 பேரிலும், ஒரு சிறுமிகூட இல்லை.