நல்லவன் ஏறிய ஏணி

ராணுவத்தில் மூத்தவர்கள் புதியவர்களை வதைப்பதைச் சொல்லும் படங்களில் பெரும்பாலும் ஒரு கொடியவன் இருப்பான். அவனை வெறுத்துவிட்டு நாம் நிம்மதியாக எழுந்து வந்துவிடலாம். தென்கொரிய இயக்குநர் யூன் ஜோங்-பின் திரைப்பட மாணவராக எடுத்து, 2005இல் வெளிவந்த 'மன்னிக்கப்படாதவன்' அந்த நிம்மதியைத் தருவதில்லை. அதன் மையத்தில் இருப்பவர்கள் இரண்டு நல்லவர்கள்.

கட்டாய ராணுவ சேவைக்கு வரும் சங்-யோங் மூத்தவர்களின் அடக்குமுறைக்குப் பணிய மறுக்கிறான். தான் மூத்தவனானதும் எல்லாவற்றையும் மாற்றப்போவதாகச் சொல்கிறான். அப்படிப் பேச முடிவதற்குக் காரணம், பள்ளித் தோழன் தே-ஜோங் அங்கே மூத்தவனாக இருப்பது. தோழனின் சேவைக்காலம் முடிந்ததும் இவனுடைய எதிர்ப்பும் தளர்கிறது. தனக்குக் கீழே வந்த ஜி-ஹூனிடம் முதலில் அன்பாக இருந்தவன் மெல்ல மெல்லக் கடுமையாகிறான். ஜி-ஹூன் தற்கொலை செய்துகொள்கிறான்.

தே-ஜோங் தந்த பாதுகாப்பும் பதவியின் அதிகாரத்திலிருந்து வந்ததுதான். மேலே ஏறியபின் ஏணியை எடுத்துவிடலாம் என்று சங்-யோங் நம்புகிறான். ஏறுவதற்குள் ஏணி அவனைத் தன்வயப்படுத்திவிடுகிறது. மாமியாரிடம் பாடுபட்ட மருமகள், தன் முறை வந்ததும் அதே மாமியாராவதைப் பார்த்த நமக்கு இது அந்நியமான கதையாகத் தோன்றாது.

ஆனால் படம் பெண்களை எங்கே வைக்கிறது? காதலி பிரிந்துபோனது ஜி-ஹூனை உடைத்துவிடுகிறது. அவள் தரப்பு நமக்குக் கேட்பதே இல்லை. தே-ஜோங்கின் காதலி, இரண்டு ஆண்கள் பேசாமல் விட்டதன் நடுவே உட்கார்ந்திருக்கிறாள்.

இந்த மௌனத்தைப் படத்துக்கு வெளியேயும் வைத்துப் பார்க்க வேண்டும். ராணுவ சேவை முடித்தவர்களுக்கு அரசுப் பணித் தேர்வில் 5 விழுக்காடு வரை கூடுதல் மதிப்பெண் தரும் ஏற்பாடு கொரியாவில் இருந்தது. அது பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் எதிரான பாகுபாடு என்று 1999இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வழக்குத் தொடுத்த பெண்கள்மீது ஆண்களின் ஆத்திரம் பாய்ந்தது. முகாமில் பட்டதற்கு முகாமைக் கேட்காமல் பெண்களிடம் கணக்குக் கேட்ட ஆத்திரம் அது. மேலே இருப்பவனிடம் வாய்திறக்கக் கூடாது, கீழே இருப்பவனிடம் எதையும் கொட்டலாம் என்பதே முகாமில் அவர்கள் பெற்ற பயிற்சி.

விடுப்பில் வரும் சங்-யோங், தோழனிடம் எதையோ சொல்லத் தவிக்கிறான். தோழன் காதுகொடுப்பதில்லை. சங்-யோங்கும் உயிரை விடுகிறான். கொடியவன் என்று சுட்ட யாருமில்லாத இடத்தில் இரண்டு சாவுகள். மாணவிகள் இப்படத்தைப் பார்க்க வேண்டும். பார்க்கும்போது அந்த இரண்டு காதலிகளும் என்ன சொல்லியிருப்பார்கள் என்றும் கேட்க வேண்டும்.